13ஐயும் 10ஐயும் மேய்ப்பது எப்படி

இந்தக் கையேடு பூண்டுலோயாவில் பைல்களோடு மல்லுக்கட்டுகிற எல்லோருக்கும் பொதுவானது. டவுனில் கொமினிகேஷன் கடை நடத்துகிறவர், தோட்டத்து ஆபீஸில் செக்றோல் அடிக்கிற கிளாக்கர், கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு டன்சினன் தோட்டத்திலோ ஷீன் தோட்டத்திலோ இருந்தபடியே புரோகிராம் எழுதுகிற தம்பி, பாடசாலைக் கணினி அறையின் சாவியை யாரிடமும் கொடுக்காத சேர், யாராக இருந்தாலும் சரி. உங்கள் கணினியில் ஒழுங்காக இருந்த பைல் அடுத்தவர் கணினியில் கோணிக்கொண்டு நின்றால், வரி முடிவின் மேல் தாராளமாகச் சந்தேகப்படலாம். அதை எப்படிக் கையாள்வது, எப்படிக் கையாளாமல் காலம் தள்ளுவது, பழியை எந்தப் பக்கம் திருப்புவது என்று மூன்றையும் முறையாகச் சொல்லித் தருகிறேன். மூன்றாவதற்குத்தான் கிராக்கி அதிகம். ஆனாலும் அடிப்படை தெரியாமல் போட்ட பழி அன்று மாலைக்குள் திரும்பி வந்துவிடும் என்பதால் கொஞ்சம் பொறுக்கவும்.

தேவையான சாமான்: விண்டோஸ் போட்ட கணினி ஒன்று, லினக்ஸ் போட்ட கணினி ஒன்று, இரண்டுக்கும் நடுவில் அலைய ஒரு பென் ட்ரைவ். மழை இறங்கிக் கரண்ட் போனால் அந்தக் கோளாறுக்கு இங்கே மருந்து இல்லை.

அடிப்படை

என்டர் கீயைத் தட்டும்போது பைலுக்குள் என்ன போய் உட்காருகிறது என்று யாரும் கேட்பதில்லை. வரி கீழே இறங்கினால் போதும் என்று இருந்துவிடுகிறோம். உள்ளே போவது எண். விண்டோஸ் 13, 10 என்று இரண்டு எண்களைப் போடும். லினக்ஸும் இன்றைய மெக்கும் 10ஐ மட்டும் போடும். 2001இல் புதிய இயங்குதளம் வருவதற்கு முந்திய மெக்கின்டொஷ் 13ஐ மட்டும் போட்டது. 13க்குப் பெயர் கேரேஜ் ரிட்டர்ன்: வண்டியை இடது ஓரத்துக்கு இழு. 10க்குப் பெயர் லைன் ஃபீட்: தாளை ஒரு வரி நகர்த்து. வண்டியும் கிடையாது, தாளும் கிடையாது, எண்கள் மட்டும் இன்றைக்கும் வேலைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

கொழுந்து மலையில் வைத்துப் பார்த்தால் சங்கதி சுலபமாகப் புரியும். ஒரு நிரை முடிந்ததும் அடுத்ததைப் பிடிக்க வேண்டும். லினக்ஸ் ‘அடுத்த நிரை’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போய்விடும். நிரையின் தலைப்புக்கு வந்து நிற்பதும் அதற்குள்ளேயே அடக்கம். விண்டோஸ் ‘முதலில் தலைப்புக்குத் திரும்பு, அப்புறம் ஒரு நிரை இறங்கு’ என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லும். பழைய மெக்கின்டொஷ் ‘திரும்பு’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும். இறங்குவது உங்கள் புத்திக்கு விட்டது. மூவரும் சொல்வது ஒரே வேலை. மூவரையும் ஒரே மலைக்குக் கங்காணியாகப் போட்டால் நடக்கிற கூத்துத்தான் கீழே வருவதெல்லாம்.

பழியைப் பின்னுக்குத் தள்ளும் முறை

யாருடைய பிழை என்று கேட்டால் ஆபீஸில் இருக்கிற எவரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம். 1960களைக் காட்டுங்கள். அங்கிருந்து எவரும் எழுந்து வந்து மறுத்துப் பேசப் போவதில்லை.

சாதாரணத் தட்டச்சு இயந்திரத்தில் இந்தத் தகராறு இல்லை. இடது பக்கத்து நெம்புகோலை ஒரு தள்ளுத் தள்ளினால் வண்டி ஓரத்துக்கு வரும், அதோடு உருளை சுழன்று தாளும் ஒரு வரி ஏறும். இரண்டு வேலைக்கும் ஒரே தள்ளு. கம்பி வழியாக எழுத்தை அனுப்பும் தந்தித் தட்டச்சு இயந்திரங்களில்தான் இரண்டும் தனித்தனிக் கட்டளையாகப் பிரிந்தன. 1963இல் வந்த டெலிடைப் 33 விநாடிக்கு 10 எழுத்து அடிக்கும். ஆனால் வலது கோடியிலிருந்து இடது கோடிக்கு வண்டி திரும்பிவர ஓர் எழுத்தின் நேரம் போதாது. அதனால் 13ஐ முதலில் அனுப்பி வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே 10ஐ அனுப்பித் தாளை நகர்த்துவார்கள். அவசரப்பட்டு அடுத்த எழுத்தை அனுப்பினால் அது வண்டி வருகிற வழியில், நடுத்தாளில் எங்காவது விழும். முதலில் 13, பிறகு 10 என்ற வரிசைக்கு இதைவிடப் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. ஓர் இரும்பு வண்டி மூச்சு வாங்க எடுத்த நேரம் அது.

பிரித்ததில் இன்னொரு வசதியும் கிடைத்தது. தாளை நகர்த்தாமல் வண்டியை மட்டும் திருப்பினால், அடித்த வரியின் மேலேயே மறுபடி அடிக்கலாம். கீழ்க்கோடு போடலாம், எழுத்தைத் தடிப்பாக்கலாம். வண்டியை நகரவிடாமல் வைத்து அடிப்பது தமிழுக்கும் தேவைப்பட்ட வித்தைதான். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து சிங்கப்பூருக்குப் போய் உத்தியோகம் பார்த்த ஆர். முத்தையா, தமிழுக்குத் தட்டச்சு இயந்திரம் அமைக்கப் புறப்பட்டபோது 247 எழுத்தை ஒரு விசைப்பலகைக்குள் அடக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர் கையாண்டது நகரா விசை. புள்ளியை அடித்தால் வண்டி அசையாது. மெய்யெழுத்தும் அதே இடத்தில் வந்து விழும். வண்டி எப்போது நகர வேண்டும், எப்போது நகரக் கூடாது என்று நம்மவர் ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பதைச் சந்தர்ப்பம் கிடைத்தால் கொழும்புக் கம்பனி கூட்டத்தில் சொல்லி வையுங்கள். பிழை உங்களுடையதாக இருந்தாலும் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

பிறகு நடந்தது குடும்பத் தகராறு. 1960களில் எழுதப்பட்ட மல்டிக்ஸ் என்ற இயங்குதளம், வெளியே எந்த இயந்திரம் இருந்தாலும் பைலுக்குள் ஒரே குறிதான் என்று 10ஐ எடுத்துக்கொண்டது. யுனிக்ஸ் அதைப் பின்பற்றியது, லினக்ஸ் யுனிக்ஸைப் பின்பற்றியது. 1974இல் கேரி கில்டால் எழுதிய சீ.பி./எம். இரண்டையும் வைத்துக்கொண்டது. 1981இல் வந்த எம்.எஸ். டொஸ் அதை அப்படியே எடுத்தது, விண்டோஸுக்கு அது சீதனமாகப் போய்ச் சேர்ந்தது. அப்பிள் 13ஐ மட்டும் பிடித்துக்கொண்டது. ஒவ்வொருவரிடமும் நியாயமான காரணம் இருந்தது. நியாயமான காரணத்தோடு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். மலையகத் தொழிற்சங்கங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை.

நோயைக் கண்டுபிடிக்காமல் இருப்பது எப்படி

பாமினியில் அடித்த கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை கொட்டிக் கிடக்கும். அது நேர்மையான கோளாறு, பார்த்தவுடன் தெரியும். வரி முடிவு அப்படி இல்லை. கண்ணுக்குத் தெரியாது, அடித்துப் பார்த்தால் அகப்படாது, பிரிண்ட் எடுத்தால் சில நேரம் வரும், சில நேரம் வராது. இப்படிப்பட்ட கோளாறுக்கு நம் ஊரில் வழக்கமாகச் சொல்லும் பெயர் வைரஸ். பென் ட்ரைவைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, ‘வைரஸ்’ என்று சொல்லி, முழுவதையும் அழித்துப் புதிதாக்கிக் கொடுங்கள். பைலும் போகும், பிரச்சினையும் போகும். வாடிக்கையாளர் நன்றி சொல்லிவிட்டுக் காசும் கொடுப்பார்.

மனச்சாட்சி உறுத்தினால் அறிகுறிகளைப் படிக்கலாம். லினக்ஸில் எழுதிய பைலைப் பழைய விண்டோஸ் நோட்பேடில் திறந்தால் நூறு வரியும் ஒரே வரியாக வலப்பக்கம் நீண்டு ஓடும். நோட்பேடுக்கு 10 மட்டும் போதாது, 13 கூட வந்தால்தான் இறங்கும். இந்தப் பிடிவாதத்தை அது 2018 வரை விடவில்லை. அந்த ஆண்டில்தான் டன்சினனில் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. லயத்துக்காரர்கள் தனி வீட்டுக்குக் குடிபோன அதே ஆண்டில் நோட்பேடும் ஒற்றைப் 10ஐ ஏற்றுக்கொண்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, தாமதத்தைத் தவிர.

அச்சு இயந்திரம் இன்னும் வேடிக்கையானது. துளைவிளிம்புத் தாள் ஓடுகிற டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டருக்கு வெறும் 10 போட்ட பைலை நேரே அனுப்பிப் பாருங்கள். முதல் வரி அடிக்கும். தாள் ஒரு வரி ஏறும். ஆனால் வண்டியைத் திருப்பச் சொல்லி யாரும் சொல்லவில்லை, ஆகவே அது நின்ற இடத்திலிருந்தே இரண்டாம் வரியைத் தொடங்கும். மூன்றாம் வரி இன்னும் வலப்பக்கம். சம்பளப் பட்டியல் படிக்கட்டு மாதிரி இறங்கி, தாளின் வலது ஓரத்தில் போய்க் குவியும்.

இதைத் திருத்தவென்று அந்தப் பிரிண்டர்களில் ஆட்டோ லைன் ஃபீட் என்று ஒரு வசதி உண்டு. 13 வந்தால் 10ஐத் தானாகவே சேர்த்துக்கொள்ளும். யாரோ எப்போதோ அதைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பிறகு விண்டோஸ் பைல் வரும். அதில் 13ம் இருக்கும், 10ம் இருக்கும். பிரிண்டர் 13ஐப் பார்த்துத் தன் பங்குக்கு ஒரு வரி நகர்த்தும், பைலில் இருக்கிற 10ஐப் பார்த்து இன்னொரு வரி நகர்த்தும். சம்பளத் துண்டு முழுக்க ஒரு வரி விட்டு ஒரு வரி. ஒரு துண்டுக்குள் அடங்க வேண்டிய கணக்கு இரண்டு துண்டுக்கு நீளும். ஒருவருடைய கழிவுத் தொகை அடுத்தவர் துண்டில் போய் விழும். அடுத்தவர் ஆபீஸ் வாசலுக்கு வருவார். அந்த நேரத்தில் 1960களைக் காட்டினால் எடுபடாது.

அடைப்புக்குறி தலைகீழாக நிற்பது ஏன்

இந்தக் காட்சியைப் பொறுமையாகப் பாருங்கள். கிளாக்கர் ஐயா விண்டோஸில் ஒரு பட்டியல் அடிக்கிறார்: பதிவு இலக்கம், காற்புள்ளி, கொழுந்தின் கிலோ. 1042, 18. பைலைத் தம்பியின் லினக்ஸ் புரோகிராம் வாசித்து அடைப்புக்குறிக்குள் காட்ட வேண்டும். வர வேண்டியது (1042 18) என்று. திரையில் வந்தது )1042 18 என்று.

“தம்பி, ஒங்க புரோகிராமு பூட்டுற அடைப்ப முன்னுக்குப் போடுது.”

“ஒங்க பைல்லதான் ஐயா என்னமோ இருக்கு.”

“பைல்ல ஒண்ணுமே இல்லையே. நானே தெறந்து பாத்தேன், சுத்தமா இருக்கு.”

“சுத்தமாத்தான் தெரியும் ஐயா. தெரியாம இருக்கிறதுதான் வில்லங்கம்.”

நடந்தது இதுதான். லினக்ஸ் 10 வரைக்கும் வாசித்து அதோடு வரி முடிந்தது என்று வெட்டிவிட்டது. அதற்கு முன்னால் இருந்த 13 வெட்டுப்படாமல், 18 கிலோவின் வாலில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. புரோகிராம் திறக்கும் அடைப்புக்குறியைப் போட்டது, 1042ஐப் போட்டது, 18ஐப் போட்டது, வாலில் இருந்த 13ஐயும் போட்டது. 13 சொல்வது ‘திரும்பு’. திரையில் குறி இடது கோடிக்குத் திரும்பியது. அடுத்துப் போட வேண்டியது பூட்டும் அடைப்புக்குறி. அது போய்த் திறக்கும் அடைப்புக்குறியின் தலையில் ஏறி உட்கார்ந்தது. டெலிடைப் காலத்தில் மேலே மேலே அடித்தால் இரண்டு எழுத்தும் தாளில் தெரியும். திரையில் முந்தியது அழிந்துவிடும், தடயமும் மிஞ்சாது.

தோற்றம் கோணினால்கூடப் பரவாயில்லை. ஒப்பிடும் இடத்தில்தான் காசு போகும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு பைலில் 1350 என்றும் மற்றதில் 1350ம் அதன் வாலில் ஒரு 13ம் என்றும் இருந்தால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற புரோகிராம் இரண்டும் ஒன்றல்ல என்று அடித்துச் சொல்லும். சம்பளத்தின் வாலில் எதையாவது ஒட்டிக் கொண்டுவருவது மலையகத்துக்குப் புதிதில்லைதான். 2021இல் கிடைத்த 1,000 ரூபாவே 900 அடிப்படையும் 100 படியுமாகத்தான் வந்தது. ஆனால் அந்த 100ஐக் கண்ணால் பார்க்கவாவது முடிந்தது.

பார்க்கவே முடியாதா என்றால் முடியும். லினக்ஸில் கேட் என்ற கட்டளையோடு பெரிய ஏ எழுத்தைச் சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் தொப்பி வைத்த ஓர் எம் எழுத்தும் ஒரு டொலர் குறியும் வந்தால் அது விண்டோஸ் பைல். டொலர் மட்டும் வந்தால் லினக்ஸ் பைல். நோட்பேட் பிளஸ் பிளஸ், வீ.எஸ். கோட் இரண்டிலும் சன்னலின் அடிப்பட்டையில் எந்த வகை என்று எழுதியே இருக்கும். எல்லோரும் பார்க்கிற இடத்தில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனபடியால் யாரும் பார்ப்பதில்லை.

இன்னொரு கொடுமை, இயக்குவதற்கென்று எழுதிய ஸ்கிரிப்டில் வரும். முதல் வரியில் ‘இதை பாஷ் என்பவர் இயக்கட்டும்’ என்று எழுதியிருப்போம். அந்த வரியின் வாலில் 13 ஒட்டியிருந்தால் லினக்ஸ் ‘பாஷ்13’ என்று ஒருவரைத் தேடும். அப்படி ஒருவர் இல்லை என்று சொல்லும். திரையில் 13 தெரியாவிட்டால், பாஷே இல்லை என்று சொல்வது போல இருக்கும். பாஷ் அங்கேதான் இருக்கிறார். எத்தனை இளைஞர்கள் இதை நம்பி முழு லினக்ஸையும் மறுபடி நிறுவியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

கழுவும் முறை, அதிகமாகக் கழுவும் முறை

டொஸ்-டு-யுனிக்ஸ் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. பைலைக் கொடுத்தால் 10க்கு முன்னால் நிற்கிற 13ஐ எடுத்துவிடும். எதிர்த் திசைக்கு யுனிக்ஸ்-டு-டொஸ். இவை கைக்கு வந்த நாளிலிருந்து கண்ணில் பட்ட பைலையெல்லாம் கழுவத் தொடங்குவீர்கள். தயங்க வேண்டாம், எல்லோரும் அப்படித்தான்.

இதில் தேர்ச்சி பெற விரும்புகிறவர்களுக்கு உயர்தர வகுப்பும் உண்டு. விண்டோஸில் எழுதும் பல புரோகிராம்கள், நீங்கள் 10 கொடுத்தாலே 13ஐத் தாமாகச் சேர்த்துக்கொள்ளும். அது தெரியாமல் நீங்களும் 13ஐச் சேர்த்துக் கொடுத்தால் பைலில் 13, 13, 10 என்று விழும். திறந்தால் வரிக்கு வரி நடுவில் ஒரு வெற்று வரி. டொஸ்-டு-யுனிக்ஸில் ஒரு தடவை கழுவினால் ஒரு 13 போய் ஒரு 13 மிஞ்சும். கழுவிவிட்டேனே என்று நீங்கள் சத்தியம் செய்வீர்கள். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும்.

படங்களைக் கழுவுவதும் உண்டு. எஃப்.டி.பி.யில் பைல் அனுப்பும்போது ‘எழுத்து’ முறை, ‘பைனரி’ முறை என்று இரண்டு உண்டு. எழுத்து முறையில் படத்தை அனுப்பினால், படத்துக்குள் தற்செயலாக வரும் ஒவ்வொரு 10ஐயும் வரி முடிவு என்று நினைத்து மாற்றிவிடும். கல்யாண அல்பத்தை அப்படி அனுப்பினால் படம் திறக்காது. 1990களின் நடுவில் பி.என்.ஜி. பட வகையை அமைத்தவர்கள் இதில் அடிபட்டுத் தேறியவர்களாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பி.என்.ஜி. படமும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற எட்டு எண்களோடு தொடங்கும். நடுவில் வரும் 80, 78, 71 அந்த வகையின் பெயர். அதன் பின்னால் 13ம் 10ம் சோடியாக நிற்பது ஒரு பொறி. யாராவது 13ஐக் கழுவியிருந்தால் சோடி உடைந்திருக்கும். கடைசியில் தனியாக ஒரு 10 நிற்பது எதிர்ப்பக்கப் பொறி. யாராவது 13ஐச் சேர்த்திருந்தால் அங்கே தெரியும். படத்தைத் திறக்கும் புரோகிராம் இந்த எட்டையும் பார்த்தவுடனேயே ‘வழியில் எவனோ கழுவியிருக்கிறான்’ என்று கண்டுகொள்ளும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த எட்டு எண்கள் இவை. மனிதரை நம்பாமல் அமைத்த பொருள் இப்படித்தான் இருக்கும்.

ஒரே நாளில் நாலாயிரம் வரிக்குப் பேர் வாங்குவது

கொழும்புக் கம்பனிக்கு வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கு இந்தப் பகுதி. 2005இல் லினஸ் டோர்வல்ட்ஸ் எழுதிய கிட் என்ற கருவி, எந்த வரியை யார் எப்போது மாற்றினார் என்று கணக்கு வைக்கும். விண்டோஸில் அதை நிறுவும்போது நடுவில் ஒரு கேள்வி கேட்கும்: வரி முடிவை எடுக்கும்போது மாற்றவா, கொடுக்கும்போது மாற்றவா, தொடாமல் விடவா? உலகம் முழுக்க இந்தக் கேள்வியை வாசித்தவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். மற்றவர்கள் எல்லாம் ‘அடுத்து’ என்று தட்டினவர்கள்.

ஒரே குழுவில் ஒருவர் மாற்றச் சொல்லியும் ஒருவர் தொடாதே என்றும் வைத்திருந்தால் வேடிக்கை தொடங்கும். நீங்கள் ஒரு காற்புள்ளியைத் திருத்துகிறீர்கள். உங்கள் எடிட்டர் சேமிக்கும்போது பைல் முழுக்க வரி முடிவை மாற்றிவிடுகிறது. கிட் பார்க்கிறது: நாலாயிரம் வரியும் வேறு. அன்றிலிருந்து அந்தப் பைலில் எந்த வரியை யார் எழுதினார் என்று கேட்டாலும் உங்கள் பெயர்தான் வரும். தோட்டத்தில் ஒரு முழுநாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள், நிறை குறைந்தால் அரைப் பேர். இங்கே ஒரு காற்புள்ளிக்கு நாலாயிரம் பேர். ஆண்டு இறுதியில் சம்பள உயர்வு கேட்கும்போது இந்தக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதிலுள்ள பழைய பிழைகளும் உங்கள் பெயரிலேயே இருக்கும் என்பதை மட்டும் அவர்கள் கண்டுபிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த 13, 10 விவகாரம் சின்னப் பிள்ளைகள் சண்டை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. மின்னஞ்சல் நெறிமுறைப்படி ஒரு கடிதம் முடிவதற்கு அடையாளம்: 13, 10, ஒரு முற்றுப்புள்ளி, மறுபடி 13, 10. சில சேவையகங்கள் தாராள மனதோடு, 13 இல்லாமல் வெறும் 10 வந்தாலும் ‘சரி, முடிந்தது’ என்று எடுத்துக்கொண்டன. வேறு சில அதைக் கடிதத்தின் நடுப்பகுதி என்று நினைத்து அப்படியே கடத்திவிட்டன. இரண்டு வகையும் அடுத்தடுத்து நின்றால், ஒரு கடிதத்தின் வயிற்றுக்குள் இன்னொரு போலிக் கடிதத்தை வைத்து அனுப்பலாம்; போய்ச் சேரும் இடத்தில் அது வேறொருவர் அனுப்பிய தனிக் கடிதமாகப் பிறக்கும். 2023 டிசெம்பரில் டிமோ லொங்கின் என்ற ஆய்வாளர் இதை எஸ்.எம்.டி.பி. கடத்தல் என்ற பெயரில் வெளியிட்டபோது பெரிய பெரிய மின்னஞ்சல்காரர்கள் ஓடி ஓடித் திருத்தினார்கள். காணாமல் போன ஒரு 13தான் காரணம்.

உண்மையாகவே தீர்வு வேண்டும் என்கிற சிலருக்கு

விரைவாகச் சொல்லிவிடுகிறேன், இந்தப் பகுதிக்கு வாசகர் குறைவு. ஒவ்வொரு ஆளையும் ‘உன் கணினியில் இப்படி வை’ என்று கெஞ்சுவதை விடுங்கள். ஆள் மாறுவார், கணினி மாறும். பைல்கள் இருக்கிற இடத்திலேயே, எல்லாருக்கும் மேலே, கிட் ஆட்ரிபியூட்ஸ் என்ற ஒரு சின்னப் பைலைப் போடுங்கள். அதன் முதல் வரி: நட்சத்திரக் குறி, ஓர் இடைவெளி, ‘டெக்ஸ்ட்=ஆட்டோ’. லினக்ஸ் ஸ்கிரிப்டுகள் எங்கே திறந்தாலும் 10 மட்டும், விண்டோஸ் பேட்ச் பைல்கள் எங்கே திறந்தாலும் 13ம் 10ம், படங்கள் பைனரி, தொடக் கூடாது என்று அடுத்த மூன்று வரிகள். ஏற்கெனவே குழம்பிக் கிடப்பதை ரீநோர்மலைஸ் என்ற கட்டளையால் ஒரே தடவையில் சீராக்கி, அதைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். அதோடு வேறு திருத்தத்தைக் கலக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் பட்டியலை வாசிக்கிற புரோகிராம், வாசலிலேயே 13ஐத் தட்டி உதிர்த்துவிட்டு உள்ளே விடட்டும். அவ்வளவுதான். ஒரு பிளேன் டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. செய்யாமல் விட்டால் வருஷக்கணக்கில் பேசலாம்.

கடைசி வரி

பட்டியலில் கடைசிப் பெயரை அடித்து முடித்ததும் கை தானாகச் சேமிப்பதற்குப் போகும். அதற்குப் பின்னால் என்டர் தட்டுவதில்லை. தட்டி என்னத்துக்கு, அடுத்த பெயர்தான் இல்லையே. ஆனால் யுனிக்ஸ் மரபில் வரி என்றால் 10இல் முடிவது. 10 இல்லாதது முழு வரி அல்ல. நாற்பது பெயருள்ள பட்டியலை எண்ணச் சொன்னால் அங்குள்ள கருவி 10களை எண்ணிப் பார்த்து 39 என்று சொல்லும். அவசரத்தில் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று வரிவரியாக வாசித்துச் சம்பளம் போட்டால், 39 பேருக்குப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நிறுத்திக்கொள்ளும்.

பட்டியல் தமிழ் அகரவரிசையில் என்றால் கடைசியில் நிற்கிறவர்கள் ஹகரத்தில் பெயர் தொடங்குகிறவர்கள். மாதா மாதம் அதே ஆள். ஆபீஸில் விசாரித்தால் ‘பைலில் பெயர் இருக்கிறதே’ என்பார்கள், உண்மையாகவே இருக்கும். அப்படி ஓர் அக்கா சம்பளத் துண்டு இல்லாமல் உங்கள் முன்னால் வந்து நின்றால் பேசும் முறை வருமாறு.

“அக்கா, ஒங்க பேருக்குப் பின்னால யாரும் என்டர் தட்டல. அதான்.”

“மாசம் முழுக்க நான் கூடையத் தூக்கி எறங்குறேன். ஒங்களுக்கு ஒரு கீயத் தட்ட ஏலாதா?”

பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், அவர் நிற்கும்போதே தட்டிவிடுங்கள். ஒரு தடவை மட்டும். இரண்டு தடவை தட்டினால் அடுத்த மாதம் பெயரே இல்லாத ஒருவருக்குப் பேர் விழும்.